கணினியின் விருப்பப் புதுப்பிப்புகள்: எதை ஏற்பது, எதை விடுவது?

கூட்டுறவுச் சங்கத்திற்குக் கட்டடமும் வேண்டும், மூலதனமும் வேண்டும். எனினும் இவ்விரண்டினும் முதன்மையாக வேண்டப்படுவது பிழையற்ற கணக்கு. பங்குத்தொகை எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, பெற்ற நூலுக்கும் ஒப்படைத்த சேலைக்கும் வரவு செலவு யாது, பயிர்க்கடனில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்பன ஐயத்திற்கு இடமின்றித் தெரிந்தால்தான் அங்கத்தினர் சங்கத்தை நம்புவர். 1904ஆம் ஆண்டில் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்த காலந்தொட்டு நெடுங்காலம் இக்கணக்கைக் காத்து வந்தவை நாளேடும் பேரேடும் ஆகும். இன்று அவ்வேலை கணினிக்கு மாறி வருகிறது. நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29ஆம் நாள் இசைவளித்தது.

பேரேட்டைக் கறையான் அரிக்காமல் காப்பது ஒரு காலத்தில் சங்க எழுத்தரின் கடமையாக இருந்தது. கணினியைப் பழுதின்றிக் காப்பது இன்று அதே இடத்தில் வைத்து எண்ணத்தக்க கடமையாகும். அக்கடமையின் ஒரு பகுதியையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம். கணினித் திரையில் 'அப்டேட்' என்னும் புதுப்பிப்புகள் அடிக்கடி தோன்றுகின்றன. அவற்றுள் சில தாமே நிறுவிக்கொள்வன. வேறு சில, 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்னும் தலைப்பின் கீழ் நம் இசைவை எதிர்பார்த்து நிற்பன. இவற்றையே விருப்பப் புதுப்பிப்புகள் என்கிறோம்.

இவ்விருப்பப் புதுப்பிப்புகளைக் கண்டவுடன் ஒரு சாரார், புதியதெல்லாம் நல்லது என்று எண்ணி அனைத்தையும் ஏற்றுவிடுகின்றனர். மற்றொரு சாரார், ஓடும் தறியைத் தொடுவானேன் என்று எதையும் ஏற்காமல் மூடிவிடுகின்றனர். இரண்டும் ஆராயாது செய்யும் செயல்களே. எதை ஏற்பது, எதை விடுவது, எதைச் சில நாள் பொறுத்துப் பார்ப்பது என்று பகுத்தறிவதற்குப் பெரும் படிப்பு வேண்டுவதில்லை. சில அடிப்படைகளை அறிந்தால் போதும். சங்கக் கணினிகளில் பரவலாக உள்ளது விண்டோஸ் ஆதலின், அதனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவோம்.

1. புதுப்பிப்புகளின் வகைகள்

முதல் வகை, மாதந்தோறும் வரும் பாதுகாப்புப் புதுப்பிப்பு. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று இதனை வெளியிடுகின்றது. 2003ஆம் ஆண்டு முதல் இவ்வழக்கம் நிலவுகிறது. அமெரிக்காவில் அன்று காலை வெளியாவது, நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை மணிக்குக் கிடைக்கின்றது. ஆகவே நம் சங்கக் கணினிகள் இதனைப் பெறுவது பெரும்பாலும் புதன்கிழமைக் காலையில்தான். இது விருப்பப் பட்டியலில் வருவதன்று.

இரண்டாம் வகை, முன்னோட்டப் புதுப்பிப்பு. மாதத்தின் பிற்பகுதியில் 'பிரிவியூ' என்னும் சொல்லைப் பெயரில் தாங்கி விருப்பப் பட்டியலில் தோன்றும்.

மூன்றாம் வகை, 'டிரைவர்' எனப்படும் கருவி இயக்கிகளின் புதுப்பிப்பு. அச்சுப்பொறி, விரல்ரேகைக் கருவி, ஒலிப்பெட்டி முதலியவற்றைக் கணினியோடு இணைத்துப் பேசவைக்கும் சிறு மென்பொருளே டிரைவர் ஆகும்.

நான்காம் வகை, இயங்குதளத்தின் புதிய பதிப்பு. இது பெரிய மாற்றம். வீட்டின் ஓட்டை மாற்றுவதற்கும் வீட்டையே மாற்றிக் கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு, மாதப் புதுப்பிப்புக்கும் இதற்கும் உண்டு.

ஐந்தாம் வகை, வேண்டுவோர் வேண்டியபோது சேர்த்துக்கொள்ளும் கூடுதல் உறுப்புகள். எழுத்துருக்கள், மொழித் தொகுப்புகள் முதலியன இதில் அடங்கும்.

2. பாதுகாப்பில் விருப்பத்திற்கு இடமில்லை

விருப்பப் புதுப்பிப்பைப் பற்றிப் பேசப் புகுமுன், விருப்பத்திற்கு உட்படாததைத் தெளிவாக்கிவிட வேண்டும். 2017 மே 12ஆம் நாள் 'வன்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளை அது பூட்டி வைத்து, திறப்பதற்குப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் சிக்கின. இத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பு, அவ்வாண்டு மார்ச் 14ஆம் நாளே வெளியாகியிருந்தது. இடையில் இருந்தவை 59 நாட்கள். அந்நாட்களுக்குள் அதனை நிறுவிய கணினிகளில் அவ்வோட்டை அடைபட்டிருந்தது. நிறுவாதவை திறந்த கதவோடு நின்றன.

இது பெருநகரத்தாருக்கு மட்டும் உரிய தொல்லை என்று எண்ணுதல் கூடாது. 2024 ஜூலை இறுதியில், சிறிய வங்கிகளுக்குக் கணினிச் சேவை வழங்கும் சி-எட்ஜ் என்னும் நிறுவனத்தின் அமைப்பு, பிணைப்பணம் கேட்கும் தீநிரலால் தாக்குண்டது. கேடு பரவாமல் தடுப்பதற்காக, நாட்டின் பணப்பரிமாற்றங்களை இணைக்கும் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அந்நிறுவனத்தைத் தற்காலிகமாகத் துண்டித்து வைத்தது. அதனால் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர் பணம் அனுப்பவும் பெறவும் முடியாது தவித்தனர். அவ்வங்கிகள் கூட்டுறவு வங்கிகளும் வட்டார ஊரக வங்கிகளும் ஆகும். ஆகஸ்டு 1ஆம் நாள் இணைப்பு மீண்டது. பூட்டு உடைபட்டது ஓரிடத்தில். வாசலில் காத்து நின்றவரோ கூட்டுறவு அங்கத்தினர். இந்நிகழ்ச்சி நமக்கு அண்மையது.

ஆதலின் பாதுகாப்புப் புதுப்பிப்பை ஒத்திவைக்கலாமா என்னும் வினாவுக்கு இடமில்லை. இரண்டொரு நாள் பொறுத்து நிறுவலாம், விட்டுவிடலாகாது. பாதுகாப்புப் புதுப்பிப்பே வராத பழைய இயங்குதளத்தைச் சங்கக் கணக்குக்குப் பயன்படுத்துவதும் தகாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் முடிந்துபோயின. விண்டோஸ் 10ஐ விடமுடியாத நிறுவனங்கள் நீட்டிப்புத் திட்டத்தில் கட்டணம் செலுத்திச் சேர்ந்தால் மட்டுமே மேலும் சில காலம் பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பெற இயலும். இச்செலவையும் புதிய கணினியின் விலையையும் நிர்வாகக் குழு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

3. முன்னோட்டப் புதுப்பிப்பு: பொறுத்தல் நன்று

இனி விருப்பப் பட்டியலுக்கு வருவோம். முன்னோட்டப் புதுப்பிப்பில் பாதுகாப்புத் திருத்தங்கள் புதியனவாக இரா. அதில் அடங்கியிருப்பவை சில குறைகளின் திருத்தங்களும் சில புதிய வசதிகளுமே. இவை அனைத்தும் அடுத்த மாதத்து இரண்டாம் செவ்வாய்ப் புதுப்பிப்பில் எவ்வாறும் சேர்ந்து வந்துவிடும். ஆகவே முன்னோட்டத்தை விடுபவர் இழப்பது சில வாரக் காத்திருப்பு மட்டுமே. ஏற்பவரோ, உலகுக்கெல்லாம் போகுமுன் அதனைச் சோதித்துப் பார்ப்பவர் வரிசையில் தாமே போய் நிற்கின்றார். புதிய சாயத்தைச் சோதிக்க விரும்பும் நெசவாளர் ஒரு சிட்டத்தில் தோய்த்துப் பார்ப்பாரேயன்றி, முகூர்த்தச் சேலைக்குரிய நூல் முழுவதையும் அதில் இறக்கமாட்டார்.

இதற்கு விலக்கு ஒன்றுண்டு. நம் கணினியில் ஒரு குறை உண்மையாகவே தொல்லை தந்துகொண்டிருக்க, அக்குறை இம்முன்னோட்டத்தில் தீர்க்கப்பட்டுள்ளது என்று அதன் விளக்கக் குறிப்பில் எழுதியிருக்குமாயின், அப்போது அதனை ஏற்பதில் தவறில்லை. காரணம் கண்டு ஏற்பது வேறு. வந்தது என்பதற்காக ஏற்பது வேறு.

விண்டோஸ் 11இல், புதுப்பிப்புகள் கிடைத்தவுடனே பெற விருப்பமா என்று கேட்கும் ஒரு பொத்தான் உள்ளது. அதனைத் திறந்து வைத்தால் முன்னோட்டங்களும் புதிய வசதிகளும் முந்திக்கொண்டு வரும். சங்கக் கணினியில் அதனை மூடி வைப்பதே முறை. மூடினாலும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வழக்கம் போல் வந்துகொண்டிருக்கும்.

4. டிரைவர்கள்: நோய் கண்டால் மருந்து

டிரைவர் புதுப்பிப்புகளைப் பொறுத்தவரை, குறிப்பிட்ட சிக்கல் ஏதும் இருந்தால் இவற்றுள் ஒன்று உதவக்கூடும் என்றுதான் விண்டோஸ் திரையே கூறுகின்றது. சிக்கல் இல்லாதவருக்கு இவை தேவையில்லை என்பது அதன் பொருள். உடல் நலமாக இருப்பவர் மருந்துக்கடையில் உள்ள மருந்தையெல்லாம் உண்பதில்லை அன்றோ?

நம் சங்கங்களில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. பாஸ்புக் அச்சிடும் பொறிகளும், ஊசிமுனை அச்சுப்பொறிகளும் பல ஆண்டுகள் உழைப்பவை. அவற்றின் டிரைவர் ஒருமுறை சரியாக அமைந்துவிட்டால் வரிகள் உரிய கட்டத்தில் விழுகின்றன. மாற்றினால் வரவுத் தொகை செலவுக் கட்டத்தில் விழவும் கூடும். பாஸ்புக்கில் எண் இடம்மாறி விழுந்தால், படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் தம் சேமிப்பு குறைந்துவிட்டது என்று அஞ்சி நிற்பார். கணினியின் உள்ளே இருக்கும் கணக்குச் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் கையில் இருக்கும் கணக்கு அந்தப் பாஸ்புக்தானே!

பட்டியலில் காணும் தேதிகளைப் பார்த்தும் மயங்க வேண்டா. இண்டெல் நிறுவனத்தின் சில டிரைவர்களின் எதிரே 1968 ஜூலை 18 என்னும் தேதி காணப்படும். அக்காலத்தில் இத்தகைய கணினிகள் ஏது என்று வியப்புத் தோன்றும். அது அந்நிறுவனம் தோன்றிய நாள். கணினியில் ஏற்கெனவே உள்ள சிறப்பு டிரைவரை இப்பொது டிரைவர் தள்ளிவிடாதிருக்கவே மிகப் பழைய தேதியை வேண்டுமென்று இட்டுள்ளனர். இவ்வாறே மைக்ரோசாஃப்ட் தரும் டிரைவர்கள் பலவற்றில் 2006 ஜூன் 21 என்னும் ஒரே தேதி இருக்கும். எனவே பழைய தேதி கண்டு இகழவும் வேண்டா, புதிய தேதி கண்டு புகழவும் வேண்டா. நமக்கு அதனால் தீரும் குறை உண்டா என்பதே வினா.

பட்டியலில் 'ஃபர்ம்வேர்', 'பயாஸ்' என்னும் சொற்களைக் கண்டால் இருமடங்கு எச்சரிக்கை வேண்டும். இவை கணினியின் அடிப்படைப் பலகையிலேயே எழுதப்படுவன. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றால் கணினி மறுபடி எழாமலே போகக்கூடும். இவற்றுட் சில பாதுகாப்புக்கு இன்றியமையாதனவாகவும் இருத்தலின் அறவே ஒதுக்குதல் கூடாது. யு.பி.எஸ். நன்னிலையில் உள்ள நாளில், தெரிந்தவர் உடனிருக்கச் செய்தல் வேண்டும்.

5. புதிய பதிப்பு: முந்துதலும் தவறு, பிந்துதலும் தவறு

2018 அக்டோபர் 2ஆம் நாள் விண்டோஸ் 10இன் புதிய பதிப்பொன்று வெளியாயிற்று. 'புதுப்பிப்பு உள்ளதா எனப் பார்' என்னும் பொத்தானைத் தாமே அழுத்தித் தேடியவர்களுக்கே அது முதலில் கிடைத்தது. அவர்களுள் சிலருடைய ஆவணக் கோப்புகள் அழிந்துபோயின. கோப்புகள் வைக்கும் இடத்தை முன்பு மாற்றியமைத்திருந்த கணினிகளில், பழைய இடத்தில் எஞ்சியிருந்த கோப்புகளை அப்பதிப்பு நீக்கிவிட்டதே காரணம். நான்கே நாட்களில், அக்டோபர் 6ஆம் நாள், வெளியீடு நிறுத்தப்பட்டது. திருத்தப்பட்ட பதிப்பு நவம்பர் 13ஆம் நாள் மீண்டும் வந்தது. இழந்தவர் தொகை மிகச் சிறிதே. ஆயினும் கோப்பை இழந்த ஒருவருக்கு இழப்பு முழுமையானது. ஆறு வாரம் காத்திருந்தவர்க்கோ யாதொரு தொல்லையும் நேரவில்லை.

அதற்காக என்றென்றும் காத்திருக்கவும் இயலாது. விண்டோஸ் 11இன் வீட்டுப் பதிப்பும் தொழில்முறைப் பதிப்பும் ஒவ்வொன்றும் வெளியானதிலிருந்து 24 மாதங்கள் ஆதரவு பெறுகின்றன. அதன்பின் அப்பதிப்புக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வாராது. ஆகவே புதிய பதிப்பு வந்ததும் பாய்ந்து ஏற்காமல், சில மாதங்கள் பொறுத்து, கணக்கு மென்பொருளை வழங்கியவரிடம் ஒத்துப்போகுமா என்று எழுத்து மூலம் கேட்டுத் தெரிந்து, பழைய பதிப்பின் தவணை முடியுமுன் மாறிக்கொள்வதே நடுவழி. தறியில் பாவு ஓடிக்கொண்டிருக்கையில் அச்சை மாற்றுவார் இல்லை. பாவு அறுத்தெடுத்து, அடுத்த பாவு ஏற்றுமுன் மாற்றுவர். அதே முறை இங்கும் பொருந்தும்.

6. ஏற்கத்தக்க விருப்பங்களும் உண்டு

விருப்பத்திற்குரியது என்றால் வேண்டாதது என்று பொருளன்று. 2010 ஜூலை 15ஆம் நாள் இந்திய அரசு ரூபாய்க்குப் புதிய குறியீட்டை ஏற்றது. அதனை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அவ்வாண்டு அக்டோபரில் யூனிகோடு எழுத்துத் தொகுதியில் அது இடம்பெற்றது. ஆனால் 2009இல் வெளிவந்திருந்த விண்டோஸ் 7 அக்குறியீட்டை எவ்வாறு அறியும்? அதற்கென 2011இல் மைக்ரோசாஃப்ட் தனிப் புதுப்பிப்பு வெளியிட்டது. அதனை நிறுவாத கணினியில், ரூபாய்க் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் தோன்றியது. அப்புதுப்பிப்பு திருடனைத் தடுக்க வந்ததன்று. எனினும் விலைச்சீட்டு அடிக்கும் கைத்தறிச் சங்கத்திற்கு அது வேண்டியதே. ரூபாய்க் குறியீட்டுக்கு வேலையே இல்லாத கணினிக்கு வேண்டாததே.

தமிழ் எழுத்துருக்களின் செய்தியும் இத்தகையது. பழைய விண்டோஸ் பதிப்புகளில் லதா என்னும் எழுத்துரு உடன் இருந்தது. விண்டோஸ் 7இல் விஜயா என்பதும் சேர்ந்தது. விண்டோஸ் 10 முதல் இவ்விரண்டும் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்னும் விருப்பத் தொகுப்புக்குள் வைக்கப்பட்டன. பொது எழுத்துருவாக நிர்மலா இருக்கின்றது. முன்னாளில் லதா எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்த கடன் பத்திரங்களையும் மகாசபை அறிக்கைகளையும் புதிய கணினியில் திறந்தால், எழுத்து வேறுபட்டு வரிகளும் பக்கங்களும் இடம்மாறித் தோன்றலாம். அவ்விருப்பத் தொகுப்பை நிறுவிக்கொண்டால் பழைய அமைப்பு திரும்பும். இதில் இடர் யாதுமில்லை, பயன் வெளிப்படை.

சட்டத்தால் வேண்டப்படுவதும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் பல மாறின. செயற்கை இழை நூலுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாயிற்று. இத்தகைய மாற்றம் கணக்கு மென்பொருளில் விகிதத்தை மட்டும் திருத்துவதால் முடியலாம். புதிய வெளியீட்டை நிறுவ வேண்டியும் வரலாம். விருப்பம் என்று மென்பொருளார் பெயரிட்டிருப்பினும், சட்டம் வேண்டுவது நமக்குக் கட்டாயமே. கட்டாயம், விருப்பம் என்னும் பெயர்கள் செய்து தருபவர் இட்டவை. தேவை, தேவையின்மை என்பன நாம் ஆராய்ந்து காண வேண்டியவை. நம் பாஸ்புக் பொறியையும் நம் மகாசபை நாளையும் தொலைநாட்டு நிறுவனம் அறியாது.

7. காலமும் இடமும் கருதுதல்

காலாப்பட்டு, புதுச்சேரி நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலை ஒட்டிய ஊர். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் நமக்குப் புதியவையல்ல. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயலும், 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயலும் இக்கரையைத் தாக்கின. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. புயல் நாட்களில் மின்சாரம் எப்போது நிற்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே புயல் எச்சரிக்கை உள்ள நாளில் பெரிய புதுப்பிப்பு எதையும் தொடங்குதல் கூடாது. அதுபோலவே, மார்ச் 31ஆம் நாளுக்கு முந்திய இரு வாரங்களிலும், கூலி பட்டுவாடா நாளிலும், தீபாவளி, பொங்கல் தள்ளுபடி விற்பனை நாட்களிலும், தணிக்கை நடைபெறும் நாட்களிலும் விருப்பப் புதுப்பிப்புகளைத் தொடவே வேண்டா.

சங்கத்தில் இரண்டு கணினிகள் இருப்பின், கணக்குக் கணினி அல்லாததில் முதலில் நிறுவி, ஒரு வாரம் பார்த்த பின் மற்றதில் நிறுவுதல் நன்று. 2021 மார்ச் 9ஆம் நாள் வந்த பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, சில வகை அச்சுப்பொறிகளுக்கு அச்சிடக் கட்டளை கொடுத்தவுடன் கணினி நீலத்திரை காட்டி நிற்கச் செய்தது. ஒரு வாரத்திற்குள் திருத்தம் வந்தது. பாதுகாப்புப் புதுப்பிப்பிலேயே இவ்வாறு நேருமாயின், விருப்பப் புதுப்பிப்பில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதை அங்கத்தினர் ஊகித்தறியலாம்.

8. நான்கு வினாக்கள்

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், ஒவ்வொரு விருப்பப் புதுப்பிப்பையும் நோக்கி நாம் கேட்க வேண்டியவை நான்கு:

(அ) இதனால் தீரும் குறை அல்லது கிட்டும் பயன் நம் சங்க வேலையில் உண்டா?

(ஆ) ஏற்காவிடில் பாதுகாப்புக்கோ சட்டத்திற்கோ ஊறு நேருமா?

(இ) ஏற்றபின் பழுது நேர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா?

(ஈ) இன்றே ஏற்க வேண்டுமா, அன்றி வேலை குறைந்த நாளுக்கு ஒத்திவைக்கலாமா?

முதலிரு வினாக்களுக்கும் இல்லை என்பதே விடையாயின், அதனை விட்டுவிடுக. ஒன்றுக்கேனும் உண்டு என்பது விடையாயின், மூன்றாம் நான்காம் வினாக்களுக்கு விடை கண்டபின் ஏற்க.

9. ஏற்குமுன்னும் ஏற்றபின்னும்

ஏற்குமுன் செய்ய வேண்டியவை இவை. கணக்குக் கோப்புகளின் பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, அதனைக் கணினியிலிருந்து கழற்றி, வேறிடத்தில் வைத்தல் வேண்டும். இணைத்தே வைத்திருந்தால் தீநிரல் வந்தபோது பிரதியும் சேர்ந்து கெடும். அன்றைய இருப்புப் பட்டியலைக் காகிதத்தில் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். 'ரெஸ்டோர் பாயிண்ட்' என்னும் மீட்புப் புள்ளியை அமைக்க வேண்டும். அது இயங்குதளத்தை மீட்க உதவுமேயன்றிக் கணக்குக் கோப்புகளை மீட்டுத் தாராது என்பதை மறக்கலாகாது.

ஏற்றபின், மீண்டும் இருப்புப் பட்டியலை அச்சிட்டு முன்னதோடு ஒப்பிட வேண்டும். ஒரு கடன் கணக்கின் வட்டியைக் கையால் கணக்கிட்டுக் கணினியின் விடையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். பழைய பாஸ்புக் ஒன்றில் ஒரு வரி அச்சிட்டு, கட்டத்தில் சரியாக விழுகிறதா என்று காண வேண்டும். தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் தோன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் அரை மணி நேரம் போதும்.

பழுது கண்டால் அஞ்ச வேண்டா. புதுப்பிப்பு வரலாற்றுப் பக்கத்திலிருந்து மாதப் புதுப்பிப்பு பெரும்பாலானவற்றை நீக்கலாம். டிரைவரை 'டிவைஸ் மேனேஜர்' வழியே முந்திய நிலைக்குத் திருப்பலாம். புதிய பதிப்பிலிருந்து பழையதற்குத் திரும்பப் பொதுவாகப் 10 நாட்கள் தவணை உண்டு. ஆதலின் சோதனைகளை அப்பத்து நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும்.

எவ்வளவு கவனித்தாலும் கணினி நிற்கும் நாள் ஒன்று வரலாம். 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பழுதுற்ற புதுப்பிப்பால் உலகில் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றன. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுக்களைத் தந்து விமானமேற்றினர். வேலை நின்றுவிடாமல் காத்தது பேனாவும் தாளும். நம் சங்கத்திலும் ரசீதுப் புத்தகமும் கைந்நாளேடும் ஒரு பெட்டியில் எப்போதும் இருத்தல் வேண்டும். அவற்றில் எழுதத் தெரிந்தவரும் இருத்தல் வேண்டும்.

10. முடிவு செய்பவர் யார்?

பொத்தானை அழுத்துவது ஒருவர் விரல். விளைவைத் தாங்குவது அங்கத்தினர் அனைவரின் கணக்கு. ஆகவே இதனை எவரும் தம் மனம்போல் செய்தல் முறையன்று. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் கூட்டம் கூட்டுவதும் நடவாத செயல். நிர்வாகக் குழு ஒருமுறை தீர்மானம் இயற்றி, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை இத்தனை நாளுக்குள் நிறுவுவது, முன்னோட்டங்களை விடுவது, டிரைவரைக் காரணம் எழுதி மாற்றுவது, புதிய பதிப்பைக் குழுவின் ஒப்புதலோடு ஏற்பது என்று நெறி வகுத்துவிடலாம். காரியதரிசி அதன்படி நடப்பார். ஒரு சிறு பதிவேட்டில் தேதி, புதுப்பிப்பின் பெயர், ஏற்ற அல்லது விட்ட காரணம், பிரதி எடுத்த விவரம், சோதித்தவர் கையெழுத்து ஆகிய ஐந்தையும் குறித்து வைத்தால், தணிக்கையாளருக்கும் அங்கத்தினருக்கும் விடை சொல்லுதல் எளிதாகும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உங்கள் கணினியைப் புதுப்பிக்க வேண்டும் என்று தொலைபேசியில் கூறி, தொலைவிலிருந்து கணினியைத் தம் வசப்படுத்தும் வஞ்சகர் பெருகியுள்ளனர். உண்மையான புதுப்பிப்பு தொலைபேசியில் அழைத்து வருவதில்லை. மின்னஞ்சல் இணைப்பாகவும் வருவதில்லை. கணினியின் 'செட்டிங்ஸ்' பகுதிக்குள் நாமே சென்று காண்பதே உண்மையானது. ஏமாற்றத்தால் பணம் போயிருப்பின் தாமதியாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் வேண்டும்.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க:

(1) நம் சங்கக் கணினியில் இப்போது காத்திருக்கும் விருப்பப் புதுப்பிப்புகள் எவை? அவற்றுள் எவை நான்கு வினாக்களுக்கும் உரிய விடை பெறுகின்றன?

(2) கடைசியாகக் கணக்குப் பிரதி எடுத்த நாள் எது? அப்பிரதி எங்குள்ளது? அதனைத் திறந்து பார்த்தவர் யார்?

(3) நாளைக் காலை கணினி இயங்காவிடில், கூலி பட்டுவாடாவும் சேமிப்புப் பணம் கொடுப்பதும் எவ்வாறு நடைபெறும்?

இம்மூன்று வினாக்களுக்கும் அடுத்த கூட்டத்தில் விடை காணும் சங்கம், இப்பாடத்தின் பயனை முழுதும் பெற்றதாகும்.